நிறமும் பெயரும்

கடலைக் கரையில் நின்று காண்பவர், அலையின் எழுச்சியையும் நீரின் நீலத்தையும் கண்டு மகிழ்வர். ஆயினும், கடலின் வண்ணக் களஞ்சியம் அலைக்குக் கீழே, பவளப்பாறைகளின் இடையே உள்ளது. வெப்ப மண்டலக் கடல்களில் கதிரவன் ஒளி சென்று சேரும் ஆழத்தில், மஞ்சள் மீன்களும் ஊதா நிறக் கடற்பஞ்சுகளும் நிறைந்த பாறையின்மேல், மனிதனின் சுண்டுவிரல் அளவே உள்ள ஓர் உயிர் மெல்ல ஊர்ந்து செல்கிறது. அதன் முதுகு இளநீலம். அந்நீலத்தின்மேல் மை தீட்டியது போன்ற கரிய கோடுகள். தலைப்பக்கத்தில் இரு சிறு கொம்புகள். பின்புறத்தில் இறகு போல விரிந்த செவுள்கள். மலரொன்று தண்டினின்று நீங்கித் தானே நடந்து செல்வதோ என்று காண்போர் ஐயுறுவர். ஓடில்லாக் கடல் நத்தை என்பது இவ்வுயிரே.

சங்கு, சிப்பி, நத்தை, கணவாய் ஆகியவை மெல்லுடலிகள் என்னும் பெருங்குடியைச் சேர்ந்தவை. அக்குடியில் பல உயிர்கள் தம் மென்மையான உடலை வலிய ஓட்டுக்குள் மறைத்துக் காத்துக்கொள்கின்றன. ஓடில்லாக் கடல் நத்தையோ அந்தக் காவலைத் துறந்துவிட்டது. முட்டையிலிருந்து வெளிவரும் இளம் பருவத்தில் பெரும்பாலானவற்றிற்குச் சிறியதோர் ஓடு உண்டு. வளரத் தொடங்கியதும் அது உதிர்ந்து போகிறது. விலங்கியலார் இவ்வகையை 'நூடிபிராங்க்' என்று வழங்குவர். மூடப்படாத செவுளை உடையது என்பது அதன் பொருள். இவ்வகையில் ஏறத்தாழ 3,000 சிற்றினங்கள் இதுவரை பெயர் பெற்றுள்ளன.

ஓட்டை இழந்த உயிர் எங்ஙனம் பிழைக்கிறது? பல கடல் நத்தைகள் கடற்பஞ்சுகளை உணவாகக் கொள்கின்றன. கடற்பஞ்சுகள் இடம்விட்டுப் பெயர இயலாதவை. ஆதலால் பகையைத் தடுக்கக் கசப்பும் நஞ்சும் கொண்ட பொருள்களைத் தம்முள் வைத்திருக்கின்றன. கடல் நத்தை அப்பஞ்சை உண்பதோடு, அதன் நஞ்சையும் தன் உடலில் சேமித்துக்கொள்கிறது. குரோமோடோரிஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த 5 சிற்றினங்கள் ஒரே நச்சுப்பொருளைத் தம் மேற்போர்வையின் விளிம்பில் சேர்த்து வைத்திருப்பதை 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று எடுத்துக் காட்டியது. பகைவனின் வாய் முதலில் படும் இடம் விளிம்பு அன்றோ? ஒருமுறை கடித்துக் கசப்பை அறிந்த மீன், மறுமுறை அந்நிறத்தைக் கண்டதுமே விலகிச் செல்லும். எனவே, இவ்வண்ணம் அழகுக்காகப் பூண்ட அணி மட்டும் அன்று. எச்சரிக்கைப் பலகையும் ஆகும்.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. கடல் நத்தையின் கண்கள் தோலுக்கு அடியில் புதைந்த சிறு புள்ளிகளே. அவை ஒளியையும் இருளையும் பிரித்தறியும். உருவத்தையும் நிறத்தையும் அறியமாட்டா. தன் இனத்தைச் சேர்ந்த மற்றோர் உயிரை அது மணத்தாலும் தீண்டலாலுமே அறிகிறது. ஆகவே, மனிதர் கண்டு மயங்கும் அவ்வண்ணத்தை அதனை உடைய உயிர் ஒருநாளும் கண்டதில்லை. நிறத்தைக் கொண்டு இனத்தை அறிய முயல்பவன் மனிதனே. அம்முயற்சியில் அவன் அடைந்த இடர்களும், அவற்றை வென்ற வழியும் அறிந்துகொள்ளத் தக்கவை.

முதல் இடர், இவ்வெச்சரிக்கை நிறம் பல இனங்களுக்குப் பொதுவாக இருப்பதே. ஒரு கடற்பகுதியில் வாழும் கசப்புடைய உயிர்கள் பலவும் ஒரே வகையான கோலத்தைப் பூண்டால், மீன் ஒரே பாடத்தைக் கற்றால் போதும். எல்லா இனமும் பயன்பெறும். சிட்னி நகரிலுள்ள ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த அறிஞர் ரட்மன், இத்தகைய நிறக் கூட்டங்களைப் பற்றி 1991-ஆம் ஆண்டில் விரிவாக எழுதினார். கடல் நத்தைகள் மட்டுமே அன்றி, அவற்றோடு நெருங்கிய உறவில்லாத தட்டைப்புழுக்கள் சிலவும் அக்கோலத்தை மேற்கொள்கின்றன. மீனுக்கு நன்மையாய் முடியும் இவ்வொற்றுமை, பெயர் அறிய விரும்புவோருக்குப் பெருந்தொல்லையாய் முடிகிறது.

ஆதலால், தேர்ந்த ஆய்வாளர் நிறத்திலிருந்து தொடங்குவதில்லை. காணும் உயிருக்குச் செவுளும் கொம்பும் உண்டா என்பதே அவர் எழுப்பும் முதல் வினா. தாள் போல மெலிந்து, முதுகில் செவுள் இன்றி நழுவிச் செல்வது தட்டைப்புழுவாகும். செவுள்கள் முதுகின் பின்புறத்தில் மலர் போல வட்டமாக அமைந்திருந்தால், அது டோரிட் என்னும் பிரிவைச் சேரும். செவுள் வட்டம் இன்றி, முதுகு முழுவதும் விரல் போன்ற நீட்சிகள் வரிசையாக எழுந்து நின்றால், அது ஈயோலிட் என்னும் பிரிவைச் சேரும். இங்ஙனம் உடலமைப்பைக் கொண்டு பெரும்பிரிவை உறுதி செய்த பின்னரே, அவர் நிறத்தின்பால் பார்வையைச் செலுத்துகிறார். அப்பொழுதும் கண்ணைக் கவரும் பெருநிறத்தை விட்டு, எளிதில் புலப்படாத சிறு குறிகளைத் தேடுகிறார்.

பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகிய நாடுகளின் கடல்களில் வாழும் மூன்று நீல நத்தைகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். மூன்றும் குரோமோடோரிஸ் பேரினத்தைச் சேர்ந்தவை. மூன்றும் இளநீல முதுகும் கருங்கோடுகளும் உடையவை. விரைந்து பார்ப்பவர் மூன்றையும் ஒன்றென்றே உரைப்பர். கொம்புகளையும் செவுள்களையும் உற்று நோக்குவோருக்கு வேறுபாடு புலனாகும். அவை புள்ளியின்றி ஒரே சீரான வெளிர்நிறமாக இருப்பின், அது குரோமோடோரிஸ் லோச்சி. அவற்றின்மேல் வெண்மணல் தூவினாற்போன்ற நுண்புள்ளிகள் இருப்பின், அது குரோமோடோரிஸ் வில்லானி. அவற்றின் நுனிகள் மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ இருந்து, முதுகின்மேலும் வெண்புள்ளிகள் பரவியிருப்பின், அது குரோமோடோரிஸ் டயானே. முதல் இரண்டிற்கும் ரட்மன் 1982-ஆம் ஆண்டில் பெயரிட்டார். மூன்றாவதற்குக் காஸ்லினர், பெரன்ஸ் என்னும் இருவர் 1998-ஆம் ஆண்டில் பெயரிட்டனர். ஒரே கடலில், ஒரே கோலத்தில் வாழ்ந்த உயிர்களை வேறு வேறாகக் காண்பதற்கு அத்துணைக் காலம் ஆயிற்று. வேறுபாடோ ஓர் ஊசிமுனை அளவுள்ள வெண்புள்ளியில் அடங்கியிருந்தது.

இரண்டாம் இடர், நிறம் நிலையாமை. மீனின் எலும்பைப் பல்லாண்டு பாதுகாக்கலாம். சங்கின் ஓட்டைத் தலைமுறை தலைமுறையாக வைத்துப் போற்றலாம். ஓடில்லாக் கடல் நத்தையிடம் அங்ஙனம் நிலைத்து நிற்கும் வண்ணப் பகுதி இல்லை. அதனைச் சாராயத்தில் இட்டு வைத்தால், சில நாட்களில் நீலமும் மஞ்சளும் கரைந்து மறையும். உடல் சுருங்கும், செவுள்கள் உள்ளே ஒடுங்கும். கடலில் மலராக இருந்தது, புட்டியில் நிறமற்ற சிறு தசைத்துண்டாக மாறிவிடும். வண்ண நிழற்படக் கருவி இல்லாத காலத்தில், இந்நத்தைகளைப் பற்றி அறிய விரும்பியவர்கள் இவ்விடருக்கு என்ன செய்தார்கள்?

அவர்களுள் ஒருவர் எட்வர்டு பிரடெரிக் கெலார்ட் என்பவர். அவர் 1819-ஆம் ஆண்டில் இலங்கையில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் பயின்று, படை மருத்துவராகப் பணியாற்றினார். இலங்கையின் விலங்குகளைப் பற்றி 1852-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். மன்னார்க் கடலின் முத்துச்சிப்பிகளை ஆராய்ந்து அரசினர்க்கு அறிக்கை அளித்தவரும் அவரே. திரிகோணமலைக் கடற்கரை அவருக்கு இயற்கையின் பள்ளிக்கூடமாக விளங்கியது. அங்கே கிடைத்த கடல் நத்தைகளை உயிரோடு நோக்கி, அவற்றின் நிறங்களைச் சொல்லிலும் ஓவியத்திலும் பதிவு செய்தார். அவருடைய விளக்கங்கள் 1858, 1859-ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. அடுத்த ஆண்டிலேயே, இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பலில் அவர் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 40 மட்டுமே. தாம் பெயரிட்ட உயிர்களை மீண்டும் ஆராய்ந்து உறுதி செய்யும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

அதே காலத்தில், சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த வால்டர் எலியட் என்பவர், விசாகப்பட்டினத்தை அடுத்த வால்டேர்க் கடற்கரையில் கடல் நத்தைகளைத் திரட்டினார். பழங்காசுகளையும் அமராவதிச் சிற்பங்களையும் தேடிக் காத்த அவர், உயிரினங்களையும் அதே ஆர்வத்துடன் தேடினார். அவர் திரட்டியவற்றை இங்கிலாந்தின் நியூகாசில் நகரைச் சேர்ந்த ஜோஷுவா ஆல்டர், ஆல்பனி ஹான்காக் என்னும் இரு அறிஞர்கள் ஆராய்ந்து 1864-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அப்பொழுது அவர்கள் புதியதொரு பேரினத்திற்கு இட்ட பெயர் 'கலிங்கா' என்பதாகும். பழைய கலிங்க நாட்டின் பெயர், அதன் கரையில் ஊர்ந்த சிறு கடலுயிரின்மேல் இன்றும் நிலைத்து நிற்கிறது.

கெலார்ட் மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்ற பின்னர், சார்லஸ் எலியட் என்னும் மற்றோர் ஆங்கிலேயர் அவர் விட்ட பணியைத் தொடர்ந்தார். இவர் தொழிலால் விலங்கியலார் அல்லர். அயல்நாடுகளில் அரசியல் தூதராகப் பணியாற்றியவர், பன்மொழி வல்லவர், இந்து சமயத்தையும் பௌத்தத்தையும் பற்றி மூன்று தொகுதிகள் கொண்ட பெருநூலை 1921-ஆம் ஆண்டில் வெளியிட்டவர். கடல் நத்தைகளை ஆராய்வது அவர்தம் ஓய்வு நேரத்து இன்பமாகும். அவர் நியூகாசில் நகரத்து ஹான்காக் அருங்காட்சியகத்தில் இருந்த கெலார்டின் ஓவியங்களையும், ஆல்டரும் ஹான்காக்கும் வைத்துச் சென்ற உயிர்ச்சேர்க்கைகளையும் ஆராய்ந்தார். தென்னிந்தியா, இலங்கை ஆகியவற்றின் கடல் நத்தைகளைப் பற்றிய தம் ஆய்வை 1906-ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

அப்பணியின் அருமை எண்ணிப் பார்க்கத் தக்கது. ஒரு பக்கம் உயிரற்ற ஓவியம். அதில் நிறம் உண்டு, உடல் இல்லை. மற்றொரு பக்கம் புட்டியில் சுருங்கிய உடல்; அதில் உறுப்பு உண்டு, நிறம் இல்லை. நிறம் சொல்லாததை உறுப்பு சொல்லும். கடல் நத்தையின் வாயினுள்ளே அரம் போன்ற நாக்கு ஒன்று உண்டு. அதன்மேல் நுண்ணிய பற்கள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. அவற்றின் எண்ணிக்கையும் வடிவமும் இனத்திற்கு இனம் வேறுபடும். நிறம் கரைந்து போனாலும் பற்கள் கரைவதில்லை. ஆகையால், அந்நாக்கை எடுத்து நுண்ணோக்காடியின் கீழ் வைத்துப் பற்களை எண்ணுவது ஆராய்ச்சியாளரின் வழக்கமாயிற்று. கண்ணுக்கு இனிய ஓவியமும், கண்ணுக்குப் புலனாகாத பல்லும் சேர்ந்தபொழுதே பெயர் உறுதி பெற்றது.

எலியட் தாமும் பல இனங்களுக்குப் பெயரிட்டார். கிழக்கு ஆப்பிரிக்கக் கடலில் கிடைத்த அழகிய நத்தை ஒன்றை அவர் 1904-ஆம் ஆண்டில் விளக்கினார். அதன் வெண்ணிற முதுகில் செம்மஞ்சள் புள்ளிகள் சிதறிக் கிடக்கும்; கொம்புகளைச் சுற்றி ஓர் ஊதா வளையமும், செவுள்களைச் சுற்றி மற்றோர் ஊதா வளையமும் அமைந்திருக்கும். வளையம் உடையது என்னும் பொருள்பட 'அன்னுலாட்டா' என்று அவர் அதற்குப் பெயரிட்டார். விலங்குகளின் அறிவியற் பெயர் இரு சொற்களால் ஆவது. முன்னது குடிப்பெயர் போன்ற பேரினப் பெயர், பின்னது தன்பெயர் போன்ற சிற்றினப் பெயர். இந்நத்தையை எலியட் குரோமோடோரிஸ் பேரினத்தில் வைத்தார். 2012-ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, அப்பேரினத்தில் இருந்த பல இனங்கள் உண்மையில் ஒரே கிளையைச் சேர்ந்தவை அல்ல என்று காட்டியது. அதன்பின் இது கோனியோபிராங்கஸ் பேரினத்திற்கு மாற்றப்பட்டு, கோனியோபிராங்கஸ் அன்னுலாட்டஸ் என்று வழங்கப்படுகிறது. குடிப்பெயர் மாறினும், எலியட் கண்ட இரு வளையங்களும் அவ்வுயிரை இன்னும் அடையாளம் காட்டுகின்றன.

மரபணு ஆய்வு மற்றோர் உண்மையையும் புலப்படுத்தியது. இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் குரோமோடோரிஸ் நத்தைகளை ஆராய்ந்து 2018-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட முடிவுகளின்படி, ஒரே சிற்றினத்தைச் சேர்ந்தவை இடத்திற்கு ஏற்ப வேறு வேறு கோலம் கொள்வதும் உண்டு. வேறு வேறு சிற்றினங்கள் ஒரே கோலம் பூண்டு நிற்பதும் உண்டு. உடன்பிறந்தார் இருவர் வேறு வேறு ஆடை உடுத்துவதும், அயலார் இருவர் ஒரே ஆடை உடுத்துவதும் உலகில் இயல்பே அன்றோ? ஆடையைக் கொண்டு உறவை உரைப்பது பிழையாவது போலவே, நிறம் ஒன்றையே கொண்டு இனத்தை உரைப்பதும் பிழையாகும்.

விரல் அளவுள்ள ஓர் உயிரின் பெயரை அறிய இத்துணை முயற்சி வேண்டுமா என்று சிலர் வினவக்கூடும். கெலார்ட் 1859-ஆம் ஆண்டில் பெயரிட்ட நத்தை ஒன்றே அவர்களுக்கு விடை கூறும். அது வெண்ணிற உடலில் கரிய வளையங்கள் உடையது. துயர் நிகழ்ச்சியில் அணியும் கறுப்பை நினைவூட்டுவதால் 'பியூனெப்ரிஸ்' என்னும் பெயர் பெற்றது. இன்று யோருன்னா பியூனெப்ரிஸ் என்று வழங்கப்படுகிறது. அந்த நத்தையின் உடலிலிருந்தும் அது சுரக்கும் கோழையிலிருந்தும் ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுத்த செய்தியை 2000-ஆம் ஆண்டில் அறிஞர்கள் வெளியிட்டனர். ஆய்வுக்கூடச் சோதனையில் அது புற்றுநோய் உயிரணுக்களின் வளர்ச்சியைத் தடுத்தது. நத்தையின் பேரினப் பெயரைக் கொண்டே அப்பொருளுக்கு 'யோருமைசின்' என்று பெயரிட்டனர். துயரத்தின் பெயரைத் தாங்கிய உயிர், நோயாளருக்கு நம்பிக்கை தரும் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியது. அந்த நத்தையின் பெயர் பிழைபட்டிருப்பின், வேறொரு நாட்டின் அறிஞர் அதே பொருளைத் தேடி வேறோர் உயிரை அல்லவா ஆராய்ந்து ஏமாந்திருப்பார்? ஓர் உயிரைப் பற்றிப் பலரும் பல காலத்தும் அறிந்த செய்திகளை ஒன்றாகப் பிணைக்கும் கயிறு அதன் பெயரே ஆகும். கயிறு தவறினால் சுமை சிதறும்.

கடலின் மாற்றத்தை உணர்வதற்கும் பெயரே துணை செய்கிறது. செங்கடலையும் மத்தியதரைக் கடலையும் இணைக்கும் சூயஸ் கால்வாய் 1869-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அவ்வழியே இந்தியப் பெருங்கடல் சார்ந்த உயிர்கள் பல மத்தியதரைக் கடலில் புகுந்து குடியேறியுள்ளன. எலியட் பெயரிட்ட இருவளைய நத்தையும் இன்று கிழக்கு மத்தியதரைக் கடலில் வாழ்கிறது. ஊதா வளையங்களை நன்கு அறிந்த ஒருவரே அதனைக் கண்டவுடன், இது இக்கடலுக்கு உரியது அன்று, புதிதாக வந்தது என்று கூற இயலும். அறியாதவர் கண்ணுக்கு அதுவும் ஓர் அழகிய நத்தை, அவ்வளவே. புதிய உயிரின் வரவையும் பழைய உயிரின் மறைவையும் கணக்கிடுபவர், முதலில் ஒவ்வொன்றையும் அதன் பெயரால் அறிந்திருத்தல் வேண்டும். பெயர் அறியாத உயிர் ஒரு பாறையினின்று மறைந்து போயினும், அது மறைந்ததை அறிவார் எவரும் இலர்.

இக்காலத்தில் வண்ண நிழற்படக் கருவி, கெலார்டின் தூரிகை ஆற்றிய பணியை நொடிப்பொழுதில் ஆற்றிவிடுகிறது. கடலில் மூழ்கி மகிழ்வோர் பலர் நத்தையைத் தீண்டாமல் படம் எடுத்து வருகின்றனர். அவர்களுள் தேர்ந்தோர், ஒரு படத்தோடு மனநிறைவு கொள்வதில்லை. முதுகை ஒரு படமும், கொம்புகளை ஒரு படமும், செவுள்களை ஒரு படமும், மேற்போர்வையின் விளிம்பை ஒரு படமும் எடுக்கின்றனர். கண்ட இடம், நாள், ஆழம், அருகில் இருந்த கடற்பஞ்சு ஆகியவற்றைக் குறித்து வைக்கின்றனர். அக்குறிப்புகள் இன்றி எடுத்த படம் கண்ணுக்கு விருந்தாகலாம். அறிவுக்குச் சான்றாவது அரிது.

நிறம் கண்ணை அழைக்கிறது. அது நிறத்தின் பணி. அழைத்த இடத்தில் நின்று, பொறுமையோடு நோக்கி, சிறு குறிகளை ஒப்பிட்டு, உறுதிப்படாத இடத்தில் முடிவு கூறாது காத்திருப்பது அறிவின் பணி. திரிகோணமலைக் கரையில் ஒரு மருத்துவர் தொடங்கிய பணியை, அவர் முகம் காணாத மற்றொருவர் அரை நூற்றாண்டுக்குப் பின் தொடர்ந்தார்; அவர் விட்ட இடத்திலிருந்து இன்றைய அறிஞர் தொடர்கின்றனர். மூன்று தலைமுறையினரும் செய்தது ஒன்றே: தோற்றத்தைக் கண்டு மகிழ்ந்தனர்; தோற்றத்தோடு நின்றுவிடவில்லை. ஓர் ஊசிமுனைப் புள்ளியையும் புறக்கணியாத அக்கண்ணுக்கே இயற்கை தன் மறைபொருளைக் காட்டுகிறது.